சட்டி கழுவுகிறவனுக்கு எதற்கு ராஜ ரத்தம்?

கேள்வி: கல்யாண வீட்டுச் சமையலில் எடுபிடியாக இருக்கும் ஒரு பையன், பொதிகை மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மாய நாட்டுக்குள் போய், அரக்கனைக் கொன்று நாட்டை மீட்கிறான். இப்படி ஒரு மாயாஜால நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘சட்டி கழுவுற பய வாளெடுத்தா எவன் நம்புவான்?’ என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அதனால் கடைசியில் அவன்தான் அந்த நாட்டின் தொலைந்துபோன இளவரசன் என்று ஒரு திருப்பம் வைத்திருக்கிறேன். இது போதுமா? கதைச் சுருக்கமும் முதல் மூன்று அத்தியாயங்களும் அனுப்பியிருக்கிறேன்.
— ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: அந்தத் திருப்பம் வேண்டவே வேண்டாம். எடுத்துவிடுங்கள்.

நண்பர்கள் கேட்ட கேள்விக்கு உங்கள் நாவல் முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டு வருகிறது. பையன் பயப்படுகிறான், அடிபடுகிறான், தப்பி ஓடுகிறான், மறுபடியும் போகிறான். கடைசியில் தோளில் இருக்கிற மச்சத்தைக் காட்டி ‘இவன் ராஜா மகன்’ என்று ஒரு கிழவி சொன்னதும், அதுவரை அவன் பட்ட பாடெல்லாம் அவனுடையதாக இல்லாமல் போய்விடுகிறது. ரத்தம் செய்தது என்று ஆகிவிடுகிறது. நண்பர்கள் சொன்னதை நீங்களே ஒப்புக்கொண்டதாகத்தான் அர்த்தம். சட்டி கழுவுகிறவனால் முடியாது, அதனால் ஒரு ராஜா மகனைக் கூட்டிவந்து சட்டி கழுவ வைத்தேன் என்கிறீர்கள்.

இது உங்கள் தப்பு மட்டும் இல்லை. பழைய கதைகளில் சமையற்கட்டிலிருந்து எழுந்து வருகிறவர்களில் பலர் அங்கே ஒளிந்திருக்கப் போன பெரிய இடத்துப் பிள்ளைகள். வீமன் விராடனுடைய மடைப்பள்ளியில் ஒரு வருஷம் கரண்டி பிடித்தான். நளன் வாகுகன் என்ற பெயரில் அயோத்தியில் சமைத்தான். 1485-இல் இங்கிலாந்தில் அச்சான ஆர்தர் ராஜா கதைகளில் காரெத் என்று ஒருவன் வருகிறான். பெயரைச் சொல்லாமல் அரண்மனைக்கு வந்து ஒரு வருஷத்துக்குச் சாப்பாடு மட்டும் கேட்கிறான், அடுப்படியில் போடுகிறார்கள். வருஷம் முடிந்து ஒரு பெண்ணுக்குத் துணையாகச் சண்டைக்குக் கிளம்பினால், உன் மேல் அடுப்படி நாற்றம் அடிக்கிறது என்று அவள் வழியெல்லாம் வைதுகொண்டே வருகிறாள். அந்த வசவைப் படிக்கிறபோதுதான் அவன்மேல் நமக்கு ஒட்டுதல் வருகிறது. கடைசியில் பார்த்தால் அவனும் ஆர்தருடைய சகோதரி மகன்.

நளன் சமைக்கிற இடத்தை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். தமயந்தியின் தோழி மறைந்து நின்று பார்க்கிறாள். அவன் வெறும் பாத்திரத்தைப் பார்க்கிறான், தண்ணீர் நிரம்புகிறது. ஒரு பிடி புல்லை எடுக்கிறான், தானாகத் தீப்பிடிக்கிறது. சுயம்வரத்தின்போது தேவர்கள் கொடுத்த வரம். அவன் சமைத்ததை ருசி பார்த்துத் தமயந்தி ஆளைக் கண்டுபிடிக்கிற இடம் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் ஒன்று. ஆனாலும் அங்கே ஈர விறகு கிடையாது, ஊதுகுழல் கிடையாது, கண்ணெரிச்சல் கிடையாது. மற்ற நாட்களில் அந்தச் சமையற்கட்டுக்குத் தண்ணீர் சுமந்தவன் ஒருவன் இருந்திருப்பான் இல்லையா, அவனைத்தான் நீங்கள் எழுத வேண்டும். அவன் கதையை நம்மில் அதிகம் பேர் எழுதவில்லை.

ஆனால் உங்கள் மூன்று அத்தியாயங்களில் அடுப்பங்கரைக்கு ஒன்றரைப் பக்கம்தான் கொடுத்திருக்கிறீர்கள். பாத்திரம் கழுவினான், காய் நறுக்கினான், சமையற்காரர் அடித்தார், அவ்வளவுதான். உடனே மலைக்கு ஓடிவிடுகிறீர்கள். நம்மூர்க் கல்யாணத்தில் மறுவீட்டுச் சொதி தயாராகிற இடத்தில் அவனைக் கொஞ்ச நேரம் நிறுத்திவையுங்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டார் போடுகிற சாப்பாடு, குறை வரக் கூடாது. விடிவதற்கு முன்னாலேயே தேங்காய் உடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். துருவி, அரைத்து, பிழிந்து, முதல் பால் தனியாக, இரண்டாம் பாலும் மூன்றாம் பாலும் தனியாக. தண்ணிப் பாலில்தான் காய் வேகும். வெந்த பாசிப்பருப்பு சேரும், இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்தது சேரும். கட்டியான முதல் பால் கடைசியில். அதை ஊற்றியபிறகு கொதிவந்தால் திரிந்துபோகும். இறக்கி, சூடு தணிந்தபிறகுதான் எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும்.

வீட்டு அடுப்பில் இது லேசான வேலை. கோட்டையடுப்பில், இரண்டு ஆள் சேர்ந்து தூக்குகிற பாத்திரத்தில் அப்படி இல்லை. விறகை வெளியே இழுத்தாலும் கங்கின் சூடு அடியில் இருக்கும், பாத்திரத்தின் கனத்திலும் சூடு இருக்கும். ஆகவே கொதிப்பதற்கு முன்னாலேயே இழுத்தாக வேண்டும். எப்போது என்று தலைமைச் சமையற்காரரான தவசுப்பிள்ளை பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். இன்னும் எத்தனை பந்தி என்று கேட்க அவர் முன்கட்டுக்குப் போயிருப்பார். அடுப்புக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிற பையன்தான், பாத்திரத்தின் ஓரத்தில் நுரை கூடுவதைப் பார்த்து விறகை இழுக்கிறான். அவன் அசந்துவிட்டால் இலை இலையாகத் திரிந்த சொதி விழும். அதற்குப்பிறகு சம்பந்தி வீட்டார் பேசுகிற பேச்சை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பையனை இப்போது மலைக்கு அந்தப் பக்கம் அனுப்புங்கள். உங்கள் அரக்கன் நெருப்பைக் கக்குகிறான். தீ எப்போது ஏறும், எப்போது அடங்கும் என்று பார்த்துப் பார்த்து வளர்ந்த ஒருவன் அவனுக்கு எதிரே வந்து நிற்கிறான். இவனுக்கு ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருக்கத் தெரியும். கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தாலே எத்தனை பேருக்கு அரிசி போட வேண்டும் என்று தெரியும். இன்னும் சாப்பிடாத முகம் எது என்று தெரியும். அப்புறம், ஒரு வீடு முழுக்கச் சுற்றிவந்தாலும் யார் கண்ணிலும் படாமல் இருக்கத் தெரியும். எடுபிடிப் பையனை யார் ஏறிட்டுப் பார்க்கிறார்கள்? அவன் காதுபடவே எல்லாவற்றையும் பேசுவார்கள். அரண்மனைச் சதியைக் கண்டுபிடிக்க நீங்கள் பேசும் கிளியை வைத்திருக்கிறீர்கள். கிளி தேவையே இல்லை.

பேச்சையும் மாற்றுங்கள். உங்கள் சமையற்காரர் ‘மூடனே, விரைந்து செய்’ என்கிறார், பையன் ‘மன்னியுங்கள் தலைவரே’ என்கிறான். எந்த ஊர்ச் சமையற்கட்டில் இப்படிப் பேசுகிறார்கள்? ‘ஏலே, வெறக இழுல, கொதிச்சிரப் போவுது’ என்பார் அவர். ‘இழுத்துட்டேன் அண்ணாச்சி’ என்பான் இவன். மாய நாட்டுக்காரர்கள் வேறு மாதிரி பேசட்டும், அப்போதுதான் இவன் வெளியூர்க்காரன் என்பது அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பையன் ஊரில் உள்ள எல்லா வீட்டு அடுப்பங்கரைக்குள்ளும் தடையில்லாமல் போய்வருகிறான், அரண்மனை மடைப்பள்ளிக்குள்ளும் அப்படியே நுழைகிறான். திருநெல்வேலிச் சீமையில் யார் அடுப்புப் பக்கம் போகலாம், யார் தண்ணீர்க் குடத்தைத் தொடலாம், யார் யாரோடு பந்தியில் உட்காரலாம் என்பதெல்லாம் சாதி பார்த்து முடிவான காரியங்கள். உங்கள் ஊரில் கிழக்கே போகிற ரயிலில் ஏறினால் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் தாண்டிச் சேரன்மகாதேவி வரும். வ.வே.சு. ஐயர் 1920-களில் குருகுலம் நடத்திய ஊர். தேசத்துக்காகப் பிள்ளைகளைத் தயார்செய்ய எழுந்த அந்தப் பள்ளியில் பிராமணப் பையன்களுக்குத் தனியாகச் சாப்பாடு போட்ட விவகாரம் வெடித்து, 1925 வாக்கில் தமிழ்நாட்டுக் காங்கிரஸையே உலுக்கியது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதை எதிர்த்து நின்றார்கள். விடுதலையைப் பற்றிப் பேசிய இடத்திலேயே சோற்றுத் தட்டு பிரிந்திருந்தது.

நம் சீமையில் ஒரு பையன் தாண்ட வேண்டிய முதல் கோட்டைவாசல் அடுப்பங்கரை நடைதான். அதை அவன் எப்படித் தாண்டினான், எந்த வீட்டில் புறவாசல் வழியாக மட்டும் விட்டார்கள், எந்த வீட்டில் அவன் கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினார்கள் என்று எழுதுங்கள். மாய நாட்டு மடைப்பள்ளி அவனை எப்படி நடத்துகிறது என்பதும் அப்போதுதான் கதையில் ஒரு விஷயமாகும். இதையெல்லாம் விட்டுவிட்டுக் கடைசியில் ராஜ ரத்தம் என்றால், அவனைப் புறவாசலில் நிறுத்தியவர்கள் சொன்னதையே நீங்களும் சொல்கிறீர்கள். பிறப்புதான் எல்லாம் என்று. நீங்கள் அப்படி நினைக்கிறவர் இல்லை என்பது உங்கள் எழுத்தைப் படித்தால் தெரிகிறது, அதனால்தான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன்.

நம் பக்கத்து வில்லுப்பாட்டுக் கதைகள் வீரனை வேறு மாதிரி உண்டாக்குகின்றன. முத்துப்பட்டன் பிராமணன். செருப்புத் தைக்கிற குடும்பத்துப் பெண்களான பொம்மக்கா, திம்மக்காவை விரும்புகிறான். அவர்களுடைய அப்பா வாலப்பகடை, பூணூலையும் குடுமியையும் எடுத்துவிட்டு எங்கள் தொழிலைச் செய் என்கிறார். பட்டன் பூணூலை அறுக்கிறான், குடுமியை எடுக்கிறான், செருப்புத் தைக்கப் பழகுகிறான், கல்யாணம் செய்துகொள்கிறான். மாமனார் மாடுகளைக் காக்கப் போன இடத்தில் திருடர்களோடு மோதிச் சாகிறான். பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்து அய்யனார் கோவிலில் பட்டவராயனாக நிற்கிற அவனுக்கு இன்றைக்கும் செருப்புதான் காணிக்கை. நாங்குநேரிக்காரர் நா. வானமாமலை இந்தக் கதைப்பாடலைத் தேடி எடுத்துப் பதிப்பித்தார்.

இந்தக் கதையிலும் பிற்பாடு கை வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்கள் இரண்டு பேரும் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்று சொல்லும் வடிவம் ஒன்று உண்டு. அப்படி மாற்ற வேண்டிய அவசியம் யாருக்கு வந்திருக்கும் என்று யோசியுங்கள். பட்டன் பூணூலை அறுத்த காரியத்துக்கே அர்த்தம் இல்லாமல் செய்கிற மாற்றம் அது. உங்கள் மச்சமும் கிழவியும் செய்வது அச்சு அசலாக அதே வேலை.

மாய நாட்டுக்குப் போகிற வழியும் உங்களிடம் ஒரு குகைதான். சுடலைமாடன் கோவில் கொடைவிழா பார்த்திருப்பீர்கள். நடுச்சாமத்தில் சாமி வேட்டைக்குப் போய்த் திரும்பும், படப்புச் சோறு தயாராக இருக்க வேண்டும். பார்வதியின் முந்தியில் விழுந்த விளக்குச் சுடரில் பிறந்த பிள்ளை, பசி அடங்காமல் சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்று, அதனாலேயே கயிலாயத்தில் இருக்க முடியாமல் பூமிக்கு வந்தது என்று பாடுகிறார்கள். அப்பேர்ப்பட்ட பசிக்குச் சோறு வடிக்கிற வேலையை உங்கள் பையனிடம் கொடுங்கள். ஒரு கொடையில் சோறு பற்றாமல் போகட்டும். சாமி அவனை என்ன கேட்கும், எங்கே கூட்டிப்போகும்? உங்கள் முதல் அத்தியாயம் அங்கே ஆரம்பிக்கலாம்.

அந்த நாட்டில் பனிப்பாறையும் ஓநாய்க் கூட்டமும் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. உடன்குடிப் பக்கம் போய்த் தேரிக்காட்டைப் பாருங்கள். செக்கச்செவேலென்ற மணல், அதை அள்ளிக்கொண்டு போகிற ஆடிக் காற்று. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று காலம் கணித்திருக்கிறார்கள். சோறு வடிக்கத் தெரிந்த பையன் அப்படி ஒரு தாழியைத் திறந்தால் அவன் கண் முதலில் எங்கே போகும்?

இரண்டாம் அத்தியாயத்தைத் தொடாதீர்கள். பந்தியில் இலை எடுக்கும்போது, யாரோ தொடாமல் விட்டுப்போன லட்டைத் தங்கச்சிக்கென்று அவன் மடியில் முடிந்துகொள்கிற இடம் ரொம்ப நன்றாக வந்திருக்கிறது. ஆனால் அதற்குப்பிறகு அவள் கதைச் சுருக்கத்தில் எங்கேயும் இல்லை. இவன் மலைக்குப் போனபிறகு அவளுக்கு யார் சோறு போட்டார்கள்? இவன் ராஜா மகன் என்றால் அவள் இவனுக்கு யார்? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் எழுதிவிட்டு மூன்றாம் அத்தியாயத்தை மறுபடி அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.