நான்காம் பாட்டில் வந்த வேண்டுதல்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகன் இந்த ஆண்டு நீட் தேர்வு எழுதினான். விடுதியில் தங்கிப் படித்தபோது, "இடம் கிடைத்துவிட்டது என்றே நினை, கிடைக்கும்" என்று தினமும் காலையில் சொல்ல வைத்தார்கள். கிடைக்கவில்லை. "சாமிக்கு நான் எதற்கு நன்றி சொல்ல வேண்டும்?" என்று இப்போது கேட்கிறான். எட்டாம் வகுப்பு படிக்கும் மகளிடம் நன்றி ஏடு எழுதச் சொன்னேன். "அம்மாவுக்கு நன்றி, அப்பாவுக்கு நன்றி, சாமிக்கு நன்றி" என்று பத்து நாளாக அதே மூன்று வரி. பிள்ளைகளுக்கு இவற்றை எப்படிக் கற்றுத் தருவது?
— ஒரு தாய், காங்கேயம் வட்டம்

பதில்: அம்மா, உங்கள் மகன் கேட்டதைத் திமிர் என்று தள்ளிவிடாதீர்கள், நம்பி ஏமாந்த பிள்ளை அப்படித்தான் கேட்பான். நினைத்தால் கிடைக்கும் என்று சொல்லிக் கொடுத்தவர்கள், கிடைக்காதபோது 'நான் சரியாக நினைக்கவில்லை போலும்' என்ற பழியையும் சேர்த்தே அவன் தலையில் ஏற்றிவிட்டார்கள். வெற்றியை மனத்தில் இனிக்க இனிக்கக் கண்டுகொண்டிருப்பவர்களின் முயற்சி தளர்ந்துவிடுவதையும், விரும்பியதோடு அதற்குக் குறுக்கே நிற்கும் தடையையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பவர்கள் கூடுதலாக முயல்வதையும் உளவியலாளர் கேப்ரியேல் எட்டிங்கன் தம் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். ஆகவே, "அடுத்த முறை நிச்சயம் கிடைக்கும்" என்று சொல்வதை விட்டு, "எந்தப் பாடத்தில் சறுக்கினாய், எந்த வேளையில் உன்னால் படிக்க முடியவில்லை?" என்று அவனருகில் உட்கார்ந்து கேளுங்கள். நேர்மறைச் சிந்தனை அவனுக்கு அங்கிருந்துதான் தொடங்க முடியும்.

நன்றிக்கு, உங்கள் ஊரிலிருந்து எட்டும் தூரத்திலுள்ள அவிநாசிக்கு ஒருமுறை அவனை அழைத்துச் செல்லுங்கள். தேவாரம் பாடிய சுந்தரர் அந்த ஊரில் ஒரு தெரு வழியே வந்தபோது ஒரு வீட்டில் மங்கல ஒலியும் எதிர்வீட்டில் அழுகையும் கேட்டன. ஒத்த வயதுப் பிள்ளைகள் இருவரில் ஒருவனை முதலை விழுங்கிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன, பிழைத்தவனுக்கு அன்று பூணூல் கல்யாணம் என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. அவர் அழுகை கேட்ட வீட்டைத்தான் விசாரித்தார். நான் பெரிதும் நினைத்துப் பார்ப்பது அவர் பாடிய முறையை. "எற்றான் மறக்கேன்" என்று, இறைவனை மறக்க முடியாமையைச் சொல்லித் தொடங்குகிறார். பிள்ளையைத் தரச் சொல்லும் வேண்டுதல் நான்காம் பாட்டில்தான் வருகிறது. கேட்டது கைக்கு வருமுன்பே, இதுவரை பெற்றதை நினைக்கிறார். அதற்காக அந்தத் தாயின் கண்ணீரைத் துடைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பாடவுமில்லை. உங்கள் மகனும் முதலில் அழட்டும், சாமியிடம் கோபித்துக்கொள்ளட்டும். வருத்தத்தை மூடி மறைக்க நன்றியைப் போர்வையாக்கினால் அவன் இரண்டையும் வெறுத்துவிடுவான்.

மகளின் ஏட்டுக்கு வருகிறேன். ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லா ஆகிய இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களில் ஒரு குழுவினரை வாரம் ஒருமுறை, நன்றி பாராட்டத்தக்க ஐந்து செய்திகள் வரை எழுதச் செய்தார்கள். பத்து வாரங்களின் முடிவில், தொல்லைகளைப் பட்டியலிட்ட குழுவினரைவிட இவர்கள் தம் வாழ்வைக் குறித்து நிறைவாக உணர்ந்தார்கள். வாரம் ஒருமுறைதான் என்பதைக் கவனியுங்கள். தினமும் எழுதச் சொன்னால் வீட்டுப்பாடம் ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒன்றே ஒன்று எழுதட்டும். அதில் ஓர் ஆளும் ஒரு செயலும் இருக்க வேண்டும். போர்வெல் மோட்டார் நின்றுபோன இரவில் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்த மெக்கானிக்கைப் பற்றி அவள் எழுதினால், அதற்கடுத்த வரியில் வரும் 'சாமி'க்கும் உயிர் வரும்.

எனக்கு யாரும் நன்றி என்ற சொல்லைக் கற்றுத் தரவில்லை. பட்டிப் பொங்கலன்று ஆத்தா மாடுகளைக் குளிப்பாட்டிப் புதுக்கயிறு மாற்றி, பொங்கலும் வாழைப்பழமும் பிசைந்து என் கையில் கொடுத்து, காளையின் வாயில் ஊட்டச் சொல்வார். அதன் சொரசொரப்பான நாக்கு உள்ளங்கையை வழித்தெடுக்கும். கை முழுக்க எச்சிலும் வெல்லமுமாக இருக்கும். எவ்வளவு பசித்தாலும் மாடுகள் தின்று முடித்த பிறகே எங்களுக்கு இலை விழும். உழவு முழுவதும் அதன் தோளில் நடந்தது என்பதை நான் அந்தக் காத்திருப்பில்தான் தெரிந்துகொண்டேன்.

கேள்வி: என் வகுப்பில் மூன்று மதத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆன்மிக நன்றியை எல்லோருக்கும் பொதுவாக எப்படிச் சொல்வது?
— ஓர் ஆசிரியர், ஈரோடு மாவட்டம்

பதில்: உங்களுக்கு வாய்க்கால் இருக்கிறது. பவானியில் தொடங்கி நொய்யலை எட்டும் காலிங்கராயன் வாய்க்கால் 13-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது. வெட்டியவர்களுக்கு நாம் எதையும் திருப்பித் தர முடியாது. ஆனாலும் அந்தத் தண்ணீரில் விளைந்த நெல்லும் மஞ்சளும் மூன்று மதத்து வீடுகளுக்கும் போகின்றன. கைம்மாறு செய்ய வழியில்லாத அந்த இடத்தில்தான் நன்றி வழிபாடாக மாறுகிறது என்பது என் எண்ணம். தை 5-ஆம் நாள், காலிங்கராயன் நாளன்று, பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். சாயமும் குப்பையும் கலந்த இடத்தையும் அவர்கள் பார்க்கட்டும். மதகைத் திறக்கும் லஸ்கரிடம், எத்தனை மணிக்கு எழுந்து வருகிறீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். அவர் பெயரை அன்று மாலை ஏட்டில் எழுதிக்கொள்ளட்டும்.