பழைய கேனோநெட்டுக்கு மெர்குரி பேட்டரி வாங்கலாமா?

கேள்வி: வணக்கமுங்க. அப்பாவோட கேனான் கேனோநெட் க்யூஎல்17 ஜி-III ஃபிலிம் கேமரா பரண்ல கிடைச்சுது. ஷட்டர் நல்லா ஓடுது, வெளிச்சத்தை அளக்கிற லைட் மீட்டர் முள்ளுதான் அசையல. அதுக்கு மெர்குரி (பாதரச) பேட்டரி வேணுமாம், அதைத் தடை பண்ணிட்டாங்களாம். மேட்டூர்ல அத்தனை நிலக்கரி எரியுது. சட்டைப் பொத்தான் அளவு பேட்டரிதான் ஊரைக் கெடுத்துதுங்களா? ஆன்லைன்ல ஒருத்தர் பழைய ஸ்டாக் விக்கிறார். வாங்கட்டுங்களா?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: வேண்டாம். அமெரிக்கா 1996-லேயே சட்டம் போட்டு இந்த பேட்டரியை நிறுத்தியது. 2000-க்குள் ஐரோப்பாவும் கதவை மூடியது. இன்று விற்பது பெரும்பாலும் கால் நூற்றாண்டைத் தாண்டிய சரக்கு. 'சீல் பிரிக்காதது' என்பார்கள். உள்ளே காரம் கசிந்து பேட்டரி அறையின் தகட்டை அரித்தால் கேமராவும் போகும்.

நிலக்கரிப் புகையிலும் பாதரசம் போகிறது, அது உண்மை. அதற்காக இதற்குச் சலுகை கேட்க முடியாது. இந்தப் பொத்தான் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பாதரசம். ரோட்டோரக் குப்பையில் தீ வைத்தால் ஆவியாகும். தண்ணீரில் சேர்ந்தால் மீனில் ஏறும். சாயக்கழிவு நொய்யலை என்ன செய்தது என்று பார்த்த ஊர்க்காரர்கள் நாம். தடை சரிதான் என்பேன்.

போட்டோகாரர்களின் குறையும் நியாயமானதே. மெர்குரி பேட்டரி கடைசி வரை 1.35 வோல்ட்டில் நிற்கும். கடைக்காரர் தரும் அல்கலைன் 1.5-இல் தொடங்கி இறங்கிக்கொண்டே போகும். புதிதாகப் போட்டதும் மீட்டர் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக்கொள்ளும், படம் இருட்டடிக்கும். சில்வர் ஆக்சைடு 1.55-இல் நிலையாக நிற்பதால், கேமராவில் ஃபிலிம் வேக எண்ணை (ஐஎஸ்ஓ) குறைத்து வைத்துச் சமாளிக்கலாம்.

எதற்கு அந்தத் தொல்லை? காது மிஷின் கடையில் 675 பேட்டரி என்று கேளுங்கள். 1.4 வோல்ட், விலையும் குறைவு. ஸ்டிக்கரை உரித்தால் நுண்துளைகள் தெரியும். காற்று உள்ளே போக ஓரிரு நிமிடம் விடுங்கள். விட்டம் சிறியது என்பதால் சுற்றிலும் ரப்பர் வாசர் வேண்டும், துளையை மட்டும் அடைக்கக் கூடாது. உரித்தபின் சில வாரம்தான் உழைக்கும். ஃபிலிம் ரோல் கையில் வந்தபிறகு உரியுங்கள்.

லென்ஸ் வளையத்தை 'ஏ'-யில் (ஆட்டோ) வைத்தால்தான் முள் அசையும். அதற்கும் அசையாவிட்டால் மீட்டரே போயிருக்கலாம். ஷட்டருக்கு பேட்டரி தேவையில்லை: 200 ஐஎஸ்ஓ ஃபிலிம், உச்சி வெயில், லென்ஸ் திறப்பு எஃப்16, ஷட்டர் 1/250 வினாடி என்று வைத்து எடுங்கள்.

கேமராவுக்குள் பழைய பேட்டரி இருந்தால், டேப் சுற்றி, தீங்கான கழிவு என்று சொல்லி நகராட்சி வண்டியில் தனியாகக் கொடுங்கள்.