மோனெல் ஷாஃப்டில் குழி விழுந்தால் பாக்கியை நிறுத்தி வைக்கலாமா?

கேள்வி: கோவையில் பம்பு தயாரிக்கிறோம். பன்னிரண்டு ஆண்டுப் பழக்கமுள்ள மும்பைச் சிறு நிறுவனம் ஒன்று கடைந்து கொடுத்த எட்டு மோனெல் 400 (நிக்கல்-தாமிரக் கலப்பு உலோகம்) ஷாஃப்டுகளை, தூத்துக்குடி மீன் பதப்படுத்தும் ஆலையின் கடல்நீர் பம்புகளில் பிப்ரவரியில் பொருத்தினோம். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூனில் திறந்தபோது, நீர் கசியாமல் ஷாஃப்டைச் சுற்றி அடைக்கும் கிராஃபைட் பேக்கிங் உட்காரும் இடத்தில் எல்லாவற்றிலும் குழி விழுந்திருந்தது. காந்தமும் லேசாக ஒட்டுகிறது. ஆலை மேலாளர் பலர் முன்னிலையில் எங்களைக் கடிந்து பேசினார். ஆய்வக அறிக்கையை இணைத்துள்ளேன். ஆறு ஷாஃப்டுகளைக் கடைந்து ஸ்லீவ் (உலோக உறை) போட்டுச் சமாளித்தோம். போலி உலோகம் என்று சொல்லி, பாக்கி 11.40 லட்சத்தை நிறுத்திவிட்டேன். அவர்கள் மும்பையில், சிறு நிறுவனங்களின் பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் வசதியாக்க மன்றத்தில் மனு செய்துவிட்டார்கள். நம்பிக்கைத் துரோகம் செய்தவர்கள் மீது மோசடிப் புகார் கொடுக்கலாமா? நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?

பதில்: பன்னிரண்டு ஆண்டு நட்பும், ஆலை மேலாளர் பலர் முன்னிலையில் பேசிய பேச்சும் உங்கள் மனத்தை வருத்துவது இயல்பே, ஆனால் அவற்றைக் கேட்டு எந்த மன்றமும் தீர்ப்புச் சொல்லாது. சட்டப்படி முடிவு செய்ய வேண்டியது, நீங்கள் கேட்ட பொருளை அவர்கள் கொடுத்தார்களா என்பது மட்டுமே. அதற்கான விடை நீங்களே அனுப்பியிருக்கும் ஆய்வக அறிக்கையில் இருக்கிறது. நிக்கல் 65.4, தாமிரம் 31.6, இரும்பு 1.7, மாங்கனீசு 1.0 சதவீதம் என்கிறது அது. உங்கள் பர்சேஸ் ஆர்டரில் எழுதியுள்ள என்04400 தரத்துக்கு (மோனெல் 400-இன் தர எண்) நிக்கல் குறைந்தது 63, தாமிரம் 28 முதல் 34 வரை, இரும்பு 2.5-க்கும் மாங்கனீசு 2-க்கும் மிகாமல் இருக்க வேண்டும். இந்த நான்கு அளவுகளிலும் வந்த சரக்கு அந்தத் தரம்தான். காந்தம் ஒட்டுவதும் ஒன்றையும் நிரூபிக்காது, ஏனெனில் இந்தக் கலப்பு உலோகத்தின் காந்தத் தன்மை அறை வெப்பநிலையை ஒட்டியே மாறக்கூடியது. இந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மோசடிப் புகார் கொடுத்தால் அது உங்கள் மீதே திரும்பும். வணிக நோக்கில் வாங்கிய சரக்குக்கு நுகர்வோர் நீதிமன்றத்தில் இடமில்லை.

அப்படியானால் குழி ஏன் விழுந்தது என்று கேட்பீர்கள். எதிர்த்தரப்பு அழைத்துவரப் போகும் உலோகவியல் நிபுணர் அதற்கு விடை வைத்திருப்பார். மோனெல் ஓடும் கடல்நீரில் மிக நன்றாகத் தாங்கும். அதனால்தான் பம்பு ஷாஃப்டுக்கும் வால்வு உறுப்புகளுக்கும் கப்பலின் புரொப்பெல்லர் ஷாஃப்டுக்கும் அதைத் தேடி வாங்குகிறார்கள். ஆனால் அசையாமல் தேங்கி நிற்கும் கடல்நீரில் அதே உலோகத்தில் குழி விழும் என்பது நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் அந்தப் பம்புகள் உப்புநீரோடு நின்றிருக்கின்றன. போதாததற்குக் கடல்நீரில் கிராஃபைட்டோடு ஒட்டியிருக்கும் உலோகம் மின்வேதி முறையில் அரிபடும், குழிகளும் சரியாக அந்த இடத்திலேயே இருக்கின்றன. 1915-இல் அமெரிக்காவில் மோனெல் தகட்டால் கட்டிய ‘சீ கால்’ என்ற உல்லாசப் படகில் மோனெல் தாங்கியது, அதனோடு சேர்த்த எஃகுச் சட்டம் அரித்துப் படகே பயனற்றுப் போனது. எந்த உலோகத்தை எதனோடு சேர்ப்பது என்பது வடிவமைப்பாளரின் பொறுப்பு. இங்கே வடிவமைப்பாளர் நீங்கள்.

பயன்பாட்டுக்குப் பொருந்தவில்லை என்ற வாதம் மிஞ்சுகிறது. சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இன் 16-ஆவது பிரிவு அதற்கு வழி தருகிறது என்றாலும், வாங்குபவர் இன்ன வேலைக்கு என்று தெரிவித்து, விற்பவரின் திறமையை நம்பி வாங்கியிருக்க வேண்டும். உங்கள் ஆர்டரில் தரமும் அளவும் இருக்கின்றன, கடல்நீர் என்ற சொல்லே இல்லை. வணிகப் பெயர் சொல்லிக் கேட்ட பொருளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்ற விதிவிலக்கையும் அவர்கள் எடுத்து வைப்பார்கள்.

என் கவலையெல்லாம் நீங்கள் நிறுத்தி வைத்திருக்கும் பணத்தைப் பற்றியது. சரக்கில் குறை இருக்கிறது, ஆகவே பணம் தர வேண்டியதில்லை என்று நினைத்து நல்ல நிலையில் இருந்த தொழில்முனைவோர் பலர் விழுந்த குழி இது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டம், 2006-இன்படி, சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், வந்த நாளிலேயே நீங்கள் அதை ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளப்படும். உங்கள் முதல் கடிதம் ஜூனில்தான் போயிருக்கிறது. ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை செல்லாது. அதன்பிறகு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘வங்கி வீதம்’ என்ற வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறும். வங்கி வீதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலே 11.40 லட்சம் மூன்று ஆண்டில் சுமார் 19.5 லட்சமாகிவிடும். தீர்ப்பு பாதகமாக வந்து அதை எதிர்க்க விரும்பினால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும், அதாவது இன்று தர மறுக்கும் அசலைவிட அதிகமான பணத்தைக் கட்டிவிட்டுத்தான் வாதத்தையே தொடங்க முடியும். அந்த வட்டியை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது. அவர்கள் வாங்கி விற்கும் வியாபாரிகளாக மட்டும் இருந்திருந்தால் இந்தப் பாதுகாப்பைக் கோருவது அவர்களுக்குக் கடினமாகியிருக்கும்; ஷாஃப்டைக் கடைந்து தருகிறவர்கள் என்பதால் அந்தக் கதவும் மூடியிருக்கிறது.

அதே மன்றத்தில் உங்கள் இழப்பைக் கேட்டு எதிர்க்கோரிக்கை வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் அதற்குச் சான்று வேண்டும். எட்டில் ஆறு ஷாஃப்டுகளைக் கடைந்ததோடு அந்தக் குழிகளும் போய்விட்டன. எதிர்த்தரப்புக்குத் தெரியாமல் நீங்கள் தனியாக எடுத்த ஆய்வக அறிக்கையோ உங்களுக்கே எதிராகப் பேசுகிறது. மீதி இரண்டையும் கழுவாமல், தேய்க்காமல், இருவர் கையொப்பத்தோடு சீல் வைத்துப் பாதுகாப்பாக வையுங்கள்.

ஒளிக்காமல் சொல்கிறேன், இந்த வழக்கை நடத்தாதீர்கள். மன்றம் முதலில் நடத்தும் சமரசக் கட்டத்திலேயே, உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் என்ற குறிப்போடு அசல் முழுவதையும் செலுத்த முன்வந்து, வட்டியைத் தள்ளுபடி செய்யும்படி கேளுங்கள். அசல் உடனே கைக்கு வரும் என்றால் பெரும்பாலான சிறு நிறுவனங்கள் வட்டியில் இறங்கி வரும். இரண்டு புதிய ஷாஃப்டுகளை அடக்க விலைக்குக் கேட்டுப் பார்ப்பதிலும் தவறில்லை. சமரச ஒப்பந்தம் தீர்ப்புக்கு நிகரானது என்பதால், ‘இனி இருதரப்புக்கும் கோரிக்கை ஏதுமில்லை’ என்ற வரி அதில் இடம்பெற்றிருப்பதைப் பார்த்த பிறகே கையொப்பமிட்டுக் காசோலையைக் கொடுங்கள்.