டப்பாவைத் திருப்பிப் பார்த்தீர்களா?

மூட்டு, தோல், தசைநாண் என்று இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, இவற்றுக்கெல்லாம் வலு தரும் கொலாஜன் என்ற புரதத்தைப் பற்றித்தான். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: முழங்கால் தேய்மானத்துக்காக மூன்று மாதமாகக் கொலாஜன் பவுடர் குடிக்கிறேன். குடிக்கிற கொலாஜன் நேராக மூட்டுக்குப் போகுமா?

பதில்: போகாது. குடலில் அது, புரதத்தின் செங்கற்களான அமினோ அமிலங்களாகவும், அவை சில சேர்ந்த சின்னச் சின்னப் பெப்டைடு துண்டுகளாகவும் உடைந்துதான் ரத்தத்தில் சேரும். அவற்றை எங்கே பயன்படுத்துவது என்பதை உடம்பு முடிவு செய்துகொள்ளும், நீங்கள் வாங்கிய டப்பா அல்ல. வலி கொஞ்சம் குறைந்ததாகச் சில ஆய்வுகள் சொல்வது உண்மை. ஆனால் அவற்றில் பல, விற்பவர்களின் பணத்தில் நடந்தவை. பெரியவர்களின் குருத்தெலும்பில் இருக்கும் கொலாஜனில் பாதி மாறுவதற்கே 100 வருடத்துக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே லேபிளில் ‘90 நாளில் புதிய குருத்தெலும்பு’ என்று இருந்தால் நம்ப வேண்டாம்.

கேள்வி: அக்கா, கொலாஜன் உருவாக வைட்டமின் சி வேண்டும் என்கிறார்கள். மாத்திரை வாங்கவா, பழம் போதுமா?

பதில்: பழம் போதும். கொலாஜன் மூன்று இழை முறுக்கிய கயிறு மாதிரி. அந்த முறுக்கு அவிழாமல் நிற்க வைட்டமின் சி வேண்டும். அது இல்லாவிட்டால் ஈறு கசியும், ஆறிய காயம்கூடத் திறக்கும். அதுதான் ஸ்கர்வி. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் நோயுற்ற 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொன்றைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர்தான் சீக்கிரம் எழுந்தார்கள். ஒரு நாளைக்குப் பெண்களுக்கு 75, ஆண்களுக்கு 90 மில்லிகிராம் என்பது அமெரிக்க அளவு. ஒரு நடுத்தர ஆரஞ்சிலேயே ஏறத்தாழ 70 இருக்கிறது. குடைமிளகாயில் இன்னும் அதிகம். காய்களை நறுக்கித் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள், இந்த வைட்டமின் தண்ணீரோடு போய்விடும். புகை பிடிப்பவர்களுக்கு 35 மில்லிகிராம் கூடுதலாக வேண்டும். அதைவிட, புகையை விடுவது தோலுக்கும் நல்லது, பணத்துக்கும் நல்லது.

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது. சரியாகச் சாப்பிடுவதில்லை. கொலாஜன் பவுடர் டப்பாவில் ‘90 சதவீதம் புரதம்’ என்று இருந்தது. அதனால் காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பதிலாக அதையே கலக்கிக் கொடுக்கிறோம். சரிதானே?

பதில்: சரியில்லை. சாப்பாட்டுக்குப் பதிலாகக் கொடுப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள். தவறு உங்கள் மேல் இல்லை, அந்த ‘90 சதவீதம்’ மேல்தான்.

இதைப் பற்றி எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு ஆறாது. உடம்பால் தானாகச் செய்துகொள்ள முடியாத, சாப்பாட்டிலிருந்தே வரவேண்டிய அமினோ அமிலங்கள் ஒன்பது. அவற்றில் டிரிப்டோஃபேன் என்பது கொலாஜனில் அறவே கிடையாது. ஒன்று குறைந்தாலும் உடம்பால் தசையை ஒழுங்காகக் கட்ட முடியாது. அதனால்தான் புரதத்தின் தரத்தை அளக்கும் கணக்கில் கொலாஜன் தனியாக எடுக்கும் மதிப்பெண் பூஜ்யம். கிராம் கணக்கில் அது புரதம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் முட்டையில் இருக்கும் பத்து கிராமும் இந்தப் பவுடரில் இருக்கும் பத்து கிராமும் ஒன்றல்ல என்பதை டப்பாவின் முன்பக்கம் எந்த எழுத்திலும் சொல்லாது. 1970களில் அமெரிக்காவில் மாட்டுத் தோலிலிருந்தும் தசைநாணிலிருந்தும் எடுத்த ‘திரவப் புரதத்தை’ மட்டும் குடித்து எடை குறைக்கக் கிளம்பினார்கள். அந்த உணவுமுறையில் இருந்தவர்களில் பலர் இதயத் துடிப்பு தாறுமாறாகி இறந்துபோனார்கள்.

நானும் இதே டப்பாவை வாங்கியவள்தான். அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தபோது, ‘எலும்புக்கும் தசைக்கும்’ என்ற வரியைப் பார்த்து இரண்டு பெரிய டப்பா வாங்கினேன். ஆறு வாரம் மூன்று வேளையும் கொடுத்தேன். அதைக் குடித்ததும் வயிறு நிறைந்துவிட்டது என்று அம்மா சாப்பாட்டை ஒதுக்கினார். மருத்துவமனை உணவு ஆலோசகர் அம்மாவின் தொடையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, டப்பாவின் பின்பக்கத்தை என்னிடம் காட்டி, “இதைப் படிச்சீங்களா?” என்று கேட்டார். நான் படித்திருக்கவில்லை.

அப்பாவுக்கு முட்டை, பால், தயிர், மீன், நன்றாகக் குழைய வேகவைத்த பருப்பு, இதில் எது பிடிக்குமோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாக, நாலைந்து வேளையாகக் கொடுங்கள். வயதானவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமிலிருந்து 1.2 கிராம் வரை புரதம் என்பது பல நிபுணர்கள் சொல்லும் அளவு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு. ஏன் பசி இல்லை என்பதையும் பாருங்கள். பல் வலியாகவோ, மாத்திரையின் விளைவாகவோ இருக்கலாம். மீதிப் பவுடரை வீணாக்க வேண்டாம், சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு கரண்டி கலந்து கொடுத்துத் தீர்த்துவிடுங்கள்.

கேள்வி: ‘தாவரக் கொலாஜன்’ மாத்திரை வாங்கினேன். அசைவம் சாப்பிடாதவர்களுக்கு நல்லதுதானே?

பதில்: செடியில் கொலாஜன் கிடையாது. பின்பக்கம் பாருங்கள், பெரும்பாலும் வைட்டமின் சியும் சில அமினோ அமிலங்களும்தான் இருக்கும். பொருளின் பெயரே தவறான நம்பிக்கை தருகிறது என்று எழுதி, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பயறு, பருப்பு, கொட்டைகள், பழம் சாப்பிட்டால் உங்கள் உடம்பே கொலாஜன் செய்துகொள்ளும்.

கேள்வி: கொலாஜன் கிரீம் தோலுக்குள் இறங்குமா?

பதில்: இறங்காது. மூலக்கூறு அவ்வளவு பெரியது. ஈரம் காக்கச் சாதாரண மாய்ஸ்சரைசர் போதும்.

கேள்வி: தோழி சொன்னாள் என்று ஜிங்க், பயோட்டின், மல்டிவைட்டமின், ‘தோல்-முடி-நகம்’ மாத்திரை நான்கும் வாங்கிச் சாப்பிடுகிறேன். லேபிள் படிக்க நேரமில்லை. பக்க விளைவு வருமா?

பதில்: நான்கு பாட்டில் தேடி வாங்க நேரம் இருந்திருக்கிறது. நான்கையும் மேஜைமேல் வைத்து ஜிங்க் அளவைக் கூட்டுங்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம்தான் மேல் வரம்பு. அதற்கு மேல் மாதக்கணக்கில் போனால் தாமிரம் உடம்பில் சேராது. கொலாஜன் இழைகளைக் குறுக்கே பிணைக்கும் நொதிக்குத் தாமிரம்தான் வேண்டும். எதை வலுப்படுத்த வாங்கினீர்களோ அதையே தளர்த்திக்கொண்டிருக்கிறீர்கள். அளவு கூடிய பயோட்டின், தைராய்டு பரிசோதனையையும் மாரடைப்பைக் கண்டறியும் ரத்தப் பரிசோதனையையும் தவறாகக் காட்டக்கூடும். ரத்தம் எடுக்கும் முன் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ‘இலவச மாதிரி, தபால் செலவு மட்டும்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து கார்டு எண் கொடுத்தேன். நாலு மாதமாக மாதாமாதம் பணம் எடுக்கிறார்கள். போனை யாரும் எடுப்பதில்லை. வீட்டில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பதில்: வெட்கப்பட வேண்டியது அவர்கள், நீங்கள் இல்லை. முதலில் வங்கிக்குப் போங்கள். இந்த மாதாந்திரப் பிடித்தத்தை நிறுத்தச் சொல்லி எழுத்தில் கொடுத்து, கடந்த மாதத் தொகைகளையும் மறுத்துப் புகார் பதியுங்கள். இதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். விற்றவருக்கு ‘ரத்து செய்கிறேன்’ என்று மின்னஞ்சல் அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள். அந்த விளம்பரம் இன்னும் இருந்தால் படமெடுத்து வையுங்கள். கேட்காமல் வந்த பார்சலைப் பிரிக்காதீர்கள். அப்புறம், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். தனியாக அலைய வேண்டாம்.

கேள்வி: மூட்டு வலிக்கென்று விற்கும் குளுக்கோசமைன் மாத்திரை வாங்கலாமா?

பதில்: 2006இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், முழங்கால் தேய்மானம் உள்ள 1,583 பேரைச் சேர்த்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் வெற்று மாத்திரையைவிட இது மேலாக இல்லை. பலவற்றை இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கிறார்கள், அந்த ஒவ்வாமை இருப்பவர்கள் கவனம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.