வாளித் தலைக்கவசம் போட்டவர்கள் முட்டாள்களா?

கேள்வி: இடைக்கால ஐரோப்பிய வீரர்கள் வாளியைக் கவிழ்த்த மாதிரி தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, கண்ணுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டுச் சண்டை போட்டார்களே. மூச்சு முட்டாதா, பக்கத்தில் வருபவன் தெரிவானா? இந்தச் சின்ன விஷயம்கூடவா யோசிக்கவில்லை?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: மூச்சு முட்டும். பக்கத்தில் வருபவனும் தெரியமாட்டான். ஆனால் யோசிக்கவில்லை என்று சொல்லாதீர்கள். உயிரைப் பணயம் வைத்து யோசித்தார்கள்.

1066-இல் இங்கிலாந்தில் நடந்த ஹேஸ்டிங்ஸ் போரில், பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மன் வீரர்கள் அணிந்தது கூம்புக் கவசம். மூக்குக்கு மட்டும் ஓர் இரும்புப் பட்டை, கன்னமெல்லாம் திறந்தே கிடக்கும். அம்புக்கும், குதிரைப் பாய்ச்சலில் வரும் ஈட்டிக்கும் அது போதவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் நீங்கள் சொல்லும் வாளி வந்தது. முதலில் உச்சி தட்டையாக இருந்தது. மேலிருந்து விழும் அடி முழுவதும் தலையில் இறங்கியதால், பிறகு உச்சியைச் சரிவாக்கினார்கள், வாள் வழுக்கிப் போகட்டும் என்று. 1376-இல் இறந்த, 'கறுப்பு இளவரசர்' எனப்படும் இங்கிலாந்து இளவரசர் எட்வர்டின் கவசம் அந்நாட்டின் கேன்டர்பரி தேவாலயத்தில் இருக்கிறது. அதில் மூச்சுத் துளைகள் வலப்பக்கம்தான். எதிரியின் ஈட்டி இடப்பக்கம் வருமே, அந்தப் பக்கத்து இரும்பில் ஓட்டை போடலாமா? இதையா யோசிக்காதவன் வேலை என்கிறீர்கள்?

அந்த வாளியை நாள் முழுக்க மாட்டிக்கொண்டு திரியவுமில்லை. உள்ளே ஒரு சின்ன இரும்புத் தொப்பி இருக்கும். ஈட்டி மோதல் முடிந்ததும் வாளியைக் கழற்றிவிட்டுத் தொப்பியோடு வாள் சண்டைக்குப் போகலாம். அந்தத் தொப்பிதான் கழுத்துவரை வளர்ந்து, தூக்கி இறக்கும் முகமூடியும் சேர்ந்து, 14-ஆம் நூற்றாண்டில் 'பாசினெட்' ஆனது. வேண்டும்போது பார்க்கலாம், வேண்டும்போது மூடலாம். இதைவிட நல்ல யோசனை அன்றைக்கு எங்கே இருந்தது?

தவளை வாய் போன்ற கனத்த கவசம் ஒன்றை அருங்காட்சியகப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது போருக்கல்ல, இருவர் குதிரையில் எதிரெதிரே பாய்ந்து ஈட்டியால் மோதும் பந்தயத்துக்கு. முன்னால் குனிந்தால்தான் பாதை தெரியும். மோதும் நொடியில் தலையை நிமிர்த்தினால் கீறல் மறைந்துவிடும். அதை வைத்துப் போர்க்கள வீரனை எடைபோடுவது அநியாயம்.

ஆபத்து முழுக்க நீங்கவில்லை என்பதும் உண்மை. 1559 ஜூன் 30 அன்று பாரிஸில் நடந்த பந்தயத்தில், பிரெஞ்சு அரசர் இரண்டாம் ஹென்றியின் முகமூடியைத் தாண்டி உடைந்த ஈட்டியின் சிம்புகள் கண்ணருகே பாய்ந்தன. புகழ்பெற்ற வைத்தியர்கள் அம்புருவாஸ் பாரேயும் வெசாலியஸும் பார்த்தும் பயனில்லை. ஜூலை 10 அன்று இறந்துபோனார்.