ஐரிஸ் பூவில் காய் பிடிக்காதது ஏன்?

கேள்வி: ரொறன்ரோவில் எங்கள் தோட்டத்தில் மஞ்சளும் ஊதாவுமாக இரண்டு உயரமான தாடி ஐரிஸ் இருக்கின்றன. போன ஜூனில் மஞ்சளின் மகரந்தத்தை ஊதாப் பூவின் தாடியில் தடவினேன். ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. பிழை எங்கே?

பதில்: தடவிய இடத்தில். தொங்கும் இதழில் உள்ள தாடி வெறும் ரோமம். அங்கே எவ்வளவு தடவினாலும் விதை வராது. தாடிக்கு மேலே, இதழைப் போலவே தோற்றம் தரும் சூலகத்தண்டின் கிளை ஒன்று வளைந்து நிற்கும். அதன் நுனியைச் சற்றே தூக்கிப் பாருங்கள். அடியில் நகக்கண் அளவில் மெல்லிய உதடு ஒன்று தெரியும். அதுதான் சூலகமுடி. பூவுக்கு வெளியே பார்த்திருக்கும் அதன் முகத்தில்தான் மகரந்தம் ஒட்டவேண்டும். ஒரு பூவில் இப்படி மூன்று உண்டு, மூன்றிலும் தடவுங்கள்.

மழையில்லாத காலையில், அப்போதுதான் விரிந்த பூவைத் தேர்ந்தெடுங்கள். தேனீ வந்து இறங்க இடமில்லாதபடி தொங்கும் மூன்று இதழ்களையும் கிள்ளிவிடுங்கள். அந்தப் பூவின் சொந்த மகரந்தப்பைகளையும் எடுத்துவிடுங்கள். மற்றச் செடியின் மகரந்தப்பை வெடித்து, தூள் பஞ்சுபோல் நிற்கும்போது சிறு இடுக்கியால் பிடித்து உதட்டில் இழுத்துத் தேயுங்கள். உடனே சீட்டுக் கட்டுங்கள்: தாய்ச் செடியின் பெயர் முதலில், பிறகு மகரந்தம் தந்த செடி, தேதி. சீட்டில்லாத காய் எதற்கும் உதவாது.

சரியாகச் செய்தும் பிடிக்காவிட்டால் தாயையும் தந்தையையும் மாற்றிப் பாருங்கள். சில வகைகள் காய் தாங்காது, ஆனால் நல்ல மகரந்தம் தரும். இன்றைய உயர வகைகளுக்கு 48 குரோமோசோம்கள். மிகப் பழைய சில வகைகளுக்கு 24 மட்டுமே; இவ்விரண்டையும் கலந்தால் பெரும்பாலும் தோல்விதான். தாடியில்லாத சைபீரிய ஐரிஸோடு கலக்க முயலவே வேண்டாம்.

பிடித்தால் ஒரு வாரத்துக்குள் பூவின் அடி பச்சையாகப் பருக்கும். காய் கனக்கும், தண்டுக்குக் குச்சி கட்டுங்கள். எட்டுப் பத்து வாரத்தில் காய் பழுத்து நுனி பிளக்கும்போது பறியுங்கள். விதை முளைக்கக் குளிர் வேண்டும். அக்டோபரில் 1 செ.மீ. ஆழத்தில் வெளியிலேயே விதைத்துவிட்டால் பனிக்காலம் அந்த வேலையைச் செய்துவிடும். வசந்தத்தில் முளைக்காத விதைகளையும் கொட்டிவிடாதீர்கள், சில அடுத்த ஆண்டுதான் எழும்.

மஞ்சளைத் தருவது கரோட்டினாய்டு, ஊதாவைத் தருவது ஆந்தோசயனின். இரண்டும் ஒரே இதழில் சேர்ந்தால் பழுப்பு, செம்பழுப்புச் சாயல் வரலாம். ஆனால் ஒரே காயின் விதைகள்கூட ஒன்றைப்போல் ஒன்று பூப்பதில்லை. அதனால் இரண்டு மூன்று நாற்றோடு நிறுத்தாமல், இடம் கொள்ளும் அளவுக்கு ஓர் அடி இடைவெளியில் நடுங்கள். முளைத்த மறு ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ முதல் பூ வரும். அதைப் பார்த்துச் செடியைப் பிடுங்கவேண்டாம்: தண்டின் உறுதியும் கிளையும் இரண்டாம் பூப்பில்தான் சரியாகத் தெரியும்.