டெஸ்ட் கிரிக்கெட்டில் டை, டிரா: இரண்டும் ஒன்றா?

இல்லை. கடைசியாக ஆடும் அணி ஆல் அவுட் ஆகி, இரு அணிகளின் மொத்த ரன்களும் சமமாக இருந்தால் அது டை. ஆட்டம் முடிவதற்குள் நேரம் தீர்ந்துவிட்டால் டிரா. தேர்வில் இருவரும் முழுதாக எழுதி ஒரே மதிப்பெண் வாங்குவது டை. ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டால் டிரா.

ஐந்து நாள், நான்கு இன்னிங்ஸ் ஆடியும் ஒரு ரன்கூட வித்தியாசம் வராமல் இருப்பது எவ்வளவு அரிது! டெஸ்ட் வரலாற்றிலேயே இரண்டு டைதான். முதலாவது 1960-இல் பிரிஸ்பேனில், ஆஸ்திரேலியாவுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் இடையே. அடுத்தது 1986 செப்டம்பரில், நம் சேப்பாக்கத்தில். ஆஸ்திரேலியா 574, 170. இந்தியா 397, 347. கூட்டிப் பாருங்கள், இரண்டும் 744. அந்த வெயிலில் ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்தார். கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் இந்தியாவின் கடைசி ஆட்டக்காரர் மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. முறையில் அவுட். ஆட்டம் முடிந்தது.

சரி, ஸ்கோர் சமமானாலே டை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: 2011 மும்பை டெஸ்டில் இந்தியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் மொத்தம் 724-தான், கடைசிப் பந்தில் அஸ்வின் ரன் அவுட் ஆனபோதும் இந்தியாவிடம் ஒரு விக்கெட் மிச்சமிருந்ததால் அது டிரா.